ஊரான் பிள்ளை யார்?

(காவலர் குடும்ப விழா ஒன்றில் ஓய்வுபெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர் பேசியது)

மேடையில் வீற்றிருக்கும் துணைக் கண்காணிப்பாளர் அம்மா அவர்களே, ஆயுதப்படை ஆய்வாளர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் தந்த வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, மோர்ப் பந்தலுக்குப் பொறுப்பேற்ற செயலாளர் அவர்களே, ரோல் காலுக்கு வருவதுபோல் நேரத்துக்கு வந்துவிட்ட காவலர்களே, அவர்களுக்காகக் காத்திருந்தே பழகிப்போன தங்கைகளே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் மெமோ கொடுத்துவிடாதீர்கள். ரிட்டையர் ஆனவனுக்கு மெமோ செல்லாது!

காவல் பணியும் இல்லறமும் என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். மூன்று செய்தி சொல்கிறேன். பேச்சு, பணம், ஓய்வு.

முதலில் பேச்சு. வீட்டுக்கு வந்ததும் காக்கியைக் கழற்றுகிறோம், குரலைக் கழற்றுவதில்லை. டியூஷன் போன மகள் பத்து நிமிடம் தாமதமாக வந்தால், "எங்க போன, யாரு கூட வந்த, எத்தனை மணிக்குக் கிளம்பின?" என் வீட்டுக்காரி ஒரு நாள் சொன்னாள்: "அவ ஸ்டேட்மெண்ட் கொடுத்தாச்சு, கையெழுத்து வாங்கிட்டுச் சாப்பிட விடுங்க." விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் 161-ஆம் பிரிவு வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். அதைச் சொல்லி அவளைத் திருத்தினேன் பாருங்கள், அன்றைக்கு எனக்கும் சோறு கிடைக்கவில்லை. இப்போது புதிய சட்டத்தில் அந்தப் பிரிவு 180 ஆகிவிட்டது. நம் குரல் மட்டும் பழைய சட்டத்திலேயே இருக்கிறது.

லீவு கேட்டுப் போனால் அந்தக் காலத்தில் அதிகாரிகள் ஒரு பழமொழி சொல்வார்கள். "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்யா, போய் டூட்டியைப் பாரு." நானும் நம்பினேன். பிறகுதான் ஒரு தமிழாசிரியர் விளக்கினார். ஊரான் பிள்ளை என்றால் வேறு யாருமில்லை, ஊரான் பெற்று நமக்குக் கட்டிக்கொடுத்த மனைவி. அவளை ஊட்டி வளர்த்தால் அவள் வயிற்றில் இருக்கிற நம் பிள்ளை தானே வளரும். முப்பத்துநாலு வருஷம் சர்வீஸ் போட்டவனுக்குப் பழமொழியைப் பாதி அர்த்தத்தில் சொல்லி லீவை மறுத்திருக்கிறார்கள்!

ஒரு சம்பவம். 2021 ஜூலையில் டி.ஜி.பி. அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் காவலருக்கு விடுப்பு, வயர்லெஸ் மைக்கில் வாழ்த்து. அடுத்த வருஷம் என் கல்யாண நாள். ஸ்டேஷன் பேர் வேண்டாம். லீவு கிடைக்கவில்லை, பந்தோபஸ்துக்குப் போக ஆள் இல்லை என்றார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் தேதி ஞாபகத்தில் இல்லை. ராத்திரி நான்குவழிச் சாலையில் வாகனச் சோதனை. நிலக்கோட்டையிலிருந்து மாட்டுத்தாவணிக்குப் பூ ஏற்றிவந்த வண்டியை நிறுத்திப் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இடுப்பில் இருந்த வாக்கி டாக்கி என் பேரைச் சொல்லி வாழ்த்துகிறது! பதில் சொல்லக்கூட வாய் வரவில்லை. டிரைவர் இறங்கி வந்தார். "சார், உங்களுக்கா கல்யாண நாளு? வீட்டுக்குப் போகலையா?" வண்டிக்குப் பின்னால் போய் ஒரு பொட்டலம் மல்லி எடுத்து நீட்டினார். லஞ்சமாகிவிடுமய்யா என்றேன். "அப்ப காசு கொடுங்க சார்" என்றார். அவர் சொன்ன விலையைக் கொடுத்தேன். பேரம் பேசாமல் போலீஸ்காரன் பூ வாங்கியது அன்றைக்குத்தான். விடிய விடியத் தொப்பிக்குள் வைத்திருந்து, காலை ஏழு மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டினேன். பூ பாதி வாடிவிட்டது. வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கண்ட்ரோல் ரூமுக்கு ஞாபகம் இருக்கு. உங்களுக்கு இல்ல." போலீஸ் குடியிருப்பு லைனில் நாலாம் வீட்டு ஏட்டு ராத்திரியே மைக்கில் கேட்டுத் தன் வீட்டில் சொல்ல, அது பத்து மணிக்கே இவள் காதுக்கு வந்துவிட்டது. அதோ முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறாள், கேட்டுப் பாருங்கள்.

பெண் காவலர்களை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. 1973-ல் தமிழ்நாட்டில் பெண்கள் காவல்துறைக்கு வந்தார்கள். 1992-ல் ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தது. அங்கே நாளெல்லாம் அடுத்தவர் வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்த்துவைத்துவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போகிற தங்கையை, "மாவு அரைக்கல" என்று வரவேற்கிற கணவன்மார்களும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். தம்பி, அவளும் ஊரான் பிள்ளைதான். ஊட்ட வேண்டாம், மாவையாவது அரைத்து வையுங்கள்.

பணத்தைப் பற்றிச் சொல்ல வந்தேன். சொசைட்டிக் கடன், சீட்டு... ஆய்வாளர் ஐயா மணியைப் பார்க்கிறார், அது இன்னொரு நாளைக்கு. ஓய்வுக்கு வருகிறேன், நான் மைக்கைப் பிடித்ததே அதற்குத்தான்.

2018-ல் பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் துணையோடு, காவலர்களின் மன அழுத்தம் குறைக்க நிறைவாழ்வுப் பயிற்சி வந்தது, நல்லது. ஆனால் தூக்கமில்லாதவனுக்குப் பயிற்சி வகுப்பும் இன்னொரு டூட்டிதான். இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021-ல் அரசாணையே வந்துவிட்டது. காகிதத்தில் இருக்கிறது. செப்டம்பர் 11 பரமக்குடி இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன் தேவர் ஜெயந்தி, தீபாவளி, திருச்செந்தூர் சூரசம்ஹாரம், திருவண்ணாமலை தீபம். இதற்கு நடுவில் அந்த ஒரு நாள் எங்கே போகிறது? பந்தோபஸ்து தவிர்க்க முடியாதது, ஒப்புக்கொள்கிறேன். போன வாரம் பறிபோன ஓய்வை அடுத்த வாரம் திருப்பிக் கொடுக்கலாமே! அம்மா அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஊரான் பிள்ளையை ஊட்ட வேண்டுமென்றால் ஊட்டுகிற கை முதலில் வீட்டில் இருக்க வேண்டும்.

கேட்பது ஒன்றே ஒன்று. யாருக்கு எந்தக் கிழமை ஓய்வு என்று மாத ஆரம்பத்திலேயே எழுதி ஸ்டேஷன் பலகையில் ஒட்டுங்கள். அதில் ஒரு நகல் வீட்டுக்கும் வரட்டும். வீட்டில் இருப்பவர்கள் அதை ஸ்டேஷன் ரைட்டரைவிடக் கறாராகப் பார்த்துக்கொள்வார்கள்.

மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. காவலர்கள் கையெழுத்துப் போட வேண்டாம், உங்களுக்கு நடத்தை விதிகள் உண்டு. தங்கைகளே, நீங்கள் போடுங்கள். பேனா கட்டியிருக்கிறது, மோரும் அங்கேதான்.