அரசரை இரண்டு முறை மறுத்த பணிப்பெண்: 'தி ரெட் ஸ்லீவ்' தொடரும் அதன் வரலாறும்

[திரையில்: இளம்பெண் ஒருத்தியின் சட்டைக் கை, அதன் விளிம்பில் சிவப்புத் துணி]

வணக்கம். தென்கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சியில் 2021 நவம்பரில் தொடங்கி, 2022 புத்தாண்டு நாளன்று 17ஆம் எபிசோடுடன் நிறைவடைந்த 'தி ரெட் ஸ்லீவ்' தொடரை, அரசரும் பணிப்பெண்ணும் காதலிக்கும் கதை என்று பலரும் அறிமுகப்படுத்துகிறார்கள். அந்த அறிமுகத்தில் பாதிதான் உண்மை. அரசர் காதலிக்கிறார், பணிப்பெண் மறுக்கிறாள். அரசரின் விருப்பமே கட்டளையாக இருந்த ஓர் அரண்மனையில் ஒரு பெண் எப்படி மறுக்க முடிந்தது, எதை இழக்க அஞ்சி மறுத்தாள் என்பதுதான் இந்தக் காணொளியின் பொருள். கதையின் முடிவையும் பேசவிருப்பதால், தொடரை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

[திரையில்: மூடிய மரப்பெட்டி]

கதாநாயகன் யி சான், பின்னாளில், கொரியாவை ஆண்ட ஜோசொன் அரசின் ஜொங்ஜோ மன்னராக 1776 முதல் 1800 வரை ஆண்டவர். 1762ஆம் ஆண்டுக் கோடையில், அவருடைய தாத்தா யொங்ஜோ மன்னர், சானின் தந்தையான சாடோ இளவரசரை, நம் ஊர்ப் பத்தாயத்தைப் போன்றதோர் அரிசிப் பெட்டிக்குள் அடைக்க ஆணையிட்டார். எட்டு நாட்கள் உள்ளே கிடந்து அவர் இறந்தார். பிறந்ததையே ஒரு வயதாக எண்ணும் கொரியக் கணக்கில் சானுக்கு அப்போது 11 வயது. தந்தையைக் கொன்ற தாத்தாவின் கையால்தான் அரியணையைப் பெற வேண்டும், அந்த வீழ்ச்சியில் பங்கிருந்த அமைச்சர்களோடுதான் அவையில் அமர வேண்டும் என்ற நிலையில் வளர்ந்த ஒருவனைத்தான் தொடர் நமக்குக் காதலனாகக் காட்டுகிறது.

அந்த அமைச்சர்களுக்கும் அச்சம் இருந்தது. இவன் அரசனானால் பழிவாங்குவானே என்று நினைத்தவர்கள் பேரன் முடிசூடுவதைத் தடுக்க முயன்றார்கள். 1775இல் முதிய யொங்ஜோ ஆட்சிப் பொறுப்பைப் பேரனிடம் ஒப்படைக்க முன்வந்தபோது, ஹோங் இன்-ஹான் என்ற அமைச்சர், நோரோன், சோரோன் கட்சிகளைப் பற்றியோ, யாரை அமைச்சராக்குவது என்பதைப் பற்றியோ, நாட்டு நிர்வாகத்தைப் பற்றியோ இளவரசர் அறிந்துகொள்ளத் தேவையில்லை என்று அவையிலேயே சொன்னார். சொன்னவர் வேறு யாருமல்லர். சானின் தாய்வழித் தாத்தாவின் தம்பி. அடுத்த ஆண்டு அரியணை ஏறிய நாளிலேயே, தாம் சாடோ இளவரசரின் மகன் என்று சான் அறிவித்தார். 1777இல், அவர் இரவில் படித்துக்கொண்டிருந்த மாளிகையின் கூரைமேல் கொலையாளிகள் ஏறினார்கள். சான் எப்போதும் புத்தகமும் கையுமாக, எவரையும் நம்பாதவராக இருப்பது நடிகர் லீ ஜுன்-ஹோவின் பாணி என்று தோன்றலாம். அது இந்த இரவுகள் கொடுத்த பழக்கம்.

[திரையில்: பணிப்பெண்கள் வரிசையாக நடந்து செல்கிறார்கள்]

இனி, அரசரை மறுத்த பணிப்பெண் சொங் தொக்-இம். அவளுடைய தந்தை, சானின் தாய்வழித் தாத்தா வீட்டில் வேலை செய்தவர். யாங்பான் என்ற உயர்குடியினர் மேலேயும், அடிமைகள் உள்ளிட்ட இழிந்தோர் எனப்பட்டவர்கள் அடியிலும் இருந்த அந்தச் சமூகத்தில், இப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்கு அரண்மனை வேலை என்பது சோறும் சம்பளமும் எழுத்தறிவும் கிடைக்கும் இடம். சிறுமியாக உள்ளே வருகிறவள், ஏறத்தாழ 15 ஆண்டுகள் பயிற்சி பெற்றபின், மணப்பெண்ணைப் போல அலங்கரிக்கப்பட்டு ஒரு சடங்கில் நிற்பாள். அந்தச் சடங்கில் மணமகன் கிடையாது. அவள் வேறு எவரையும் மணக்கக் கூடாது. அரசர் அவளைத் திரும்பிப் பார்க்காமலேயே போனாலும் அவள் அரசருக்கு உரியவள். சட்டைக் கையின் சிவந்த விளிம்புக்கு இந்தப் பொருளைத்தான் தொடர் தருகிறது. கொரிய மொழியில் தலைப்பும் அந்த விளிம்பையே குறிக்கிறது.

ஆனாலும் அந்த வாழ்க்கைக்குள் தொக்-இமுக்கென்று ஓர் உலகம் இருந்தது. மூன்று தோழிகள், இரவல் வாங்கிப் படிக்கும் கதைகள், பிறருக்கு அவற்றை வாசித்துக் காட்டிச் சம்பாதிக்கும் காசு. இது வெறும் கற்பனையன்று: 1773இல் சானின் சகோதரிகளோடும் வேறு பணிப்பெண்களோடும் சேர்ந்து, பத்துத் தொகுதிகள் கொண்ட ஒரு கதைநூலை அவள் கையால் படியெடுத்தாள். அரசரின் துணைவியானால் இந்த உலகம் போய்விடும். தோழிகள் தலைகுனிந்து நிற்பார்கள். அரசர் வரமாட்டாரா என்று அவள் காத்திருப்பாள். அரசரோ வேலை முடிந்தபோது வருவார். தொக்-இம் ஏற்றத்தை வேண்டாம் என்கிறாள் என்பதைவிட, தனக்கென்று இருக்கும் கொஞ்சத்தை விட்டுத்தர மறுக்கிறாள் என்று சொல்வதே பொருந்தும்.

அந்த மறுப்பு நடந்ததற்குச் சாட்சி அரசரே. அவள் இறந்தபின் கல்லறைக்காகத் தம் கைப்பட எழுதிய குறிப்பில், 1766இல் தாம் அழைத்தபோது, அவர் மனைவியான இளவரசி இன்னும் குழந்தை பெறவில்லையே என்று அவள் அழுது, உயிரே போனாலும் ஏற்கமாட்டேன் என்று உறுதிகொண்டதைச் சொல்கிறார். 15 ஆண்டுகள் கழித்து மறுபடி கேட்டார், மறுபடியும் மறுத்தாள். அவளுடைய வேலையாட்களைக் கண்டித்துத் தண்டித்த பிறகே அவள் இணங்கினாள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. தொடர் இந்த இடத்தை மென்மையாக்கிவிடுகிறது. எழுதிய அரசருக்கு இருந்த நேர்மை எடுத்தவர்களுக்கு இல்லாமல் போனது எனக்கு வருத்தமே. பணிப்பெண்களின் இரகசியக் கூட்டம் ஒன்று அரியணைக்கு எதிராகச் சதி செய்யும் கிளைக்கதைக்குச் செலவிட்ட நேரத்தை இங்கே செலவிட்டிருக்கலாம்.

வேறோர் இடத்தில் தொடர் துணிந்திருக்கிறது. தோழி யொங்-ஹுய், காவலன் ஒருவனைக் காதலித்த குற்றத்துக்காகக் கொல்லப்படுகிறாள். சட்டப்படி அவளைக் காப்பாற்ற மறுப்பவர், தொக்-இமிடம் அன்பு காட்டும் அதே அரசர். ஒரே சிவந்த விளிம்பு ஒருத்தியை அரசரின் அறைக்கும் இன்னொருத்தியைத் தண்டனைக்கும் கொண்டுசென்றதை இதற்குப்பின் மறக்க முடிவதில்லை.

யொங்ஜோவைப் பற்றியும் ஒரு சொல். அவருடைய தாய், அரண்மனையில் தண்ணீர் சுமந்த பெண் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சாடோவைப் பெற்றவளும் பணிப்பெண்ணாக இருந்து உயர்ந்தவளே. முதல் எபிசோடில் சிறுவன் சானும் சிறுமி தொக்-இமும் சந்திப்பது அந்தப் பாட்டி இறந்த இரவில்தான். கீழ்நிலைப் பெண்களின் மகனும் பேரனும் அரியணை ஏறினார்கள். அதனால் அந்தப் பெண்களின் நிலை மாறவில்லை.

[திரையில்: மங்கிய விளக்கு]

தொக்-இம் பெற்ற மகன் 1784இல் பட்டத்து இளவரசனாக்கப்பட்டு, 1786இல் தட்டம்மையால் இறந்தான். சில மாதங்களிலேயே, நிறைகர்ப்பிணியாக இருந்த அவளும் இறந்தாள். தொடரின் கடைசிப் பகுதியில், மறுபிறவியில் தன்னைக் கண்டால் தெரியாதவர்போலக் கடந்துபோகும்படி அவள் அரசரிடம் கேட்கிறாள். தன்னை ஒரு சிறிதும் நேசிக்கவில்லையா என்று அவர் உடைந்துபோய்க் கேட்கும்போது, மனம் இல்லாதிருந்தால் எப்படியாவது ஓடிப்போயிருப்பேனே, அது இன்னுமா தெரியவில்லை என்கிறாள்.

மகனுக்கு அருகில் அமைந்திருந்த அவளுடைய கல்லறை, 1944இல், ஜப்பானியர் ஆட்சியில், சியோலிலிருந்து பெயர்க்கப்பட்டது. இன்று தாயும் மகனும் சொசாம்னுங் கல்லறை வளாகத்தில் வேறு வேறு இடங்களில் இருக்கிறார்கள். அரசர் சுவொன் அருகே, தம் பட்டத்தரசியோடு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.