பிங்பாங்கை வளர்த்தது பொது மேசையே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

'உலகெங்கும் பிங்பாங் பரவக் காரணம் சாம்பியன்களா, சாதாரண மக்களின் மேசைகளா?' என்பது தலைப்பு. நான் மேசைகளுக்காகப் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர், "1959-ல் சீன வீரர் ரோங் குவோதுவான் உலகப் பட்டம் வென்றார், சீனாவே பேட்டைக் கையில் எடுத்தது" என்றார். எந்த விளையாட்டிலும் சீனாவுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. அந்தப் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைக் கேட்டு ஆசைப்பட்ட பிள்ளை மறுநாள் எங்கே போய் ஆடினான்? பள்ளி முற்றத்துச் சிமெண்ட் மேசையில். வலை வாங்க வழியில்லாத இடங்களில் நடுவே செங்கல்லை வரிசையாக அடுக்கி வைத்தார்கள். மழையும் வெயிலும் அந்த மேசையை ஒன்றும் செய்யாது. அதற்குப் பூட்டும் கிடையாது, காவலாளியும் கிடையாது. ஆசையை மூட்டியவர் ரோங்தான், சரி. அது அணையாமல் பார்த்துக்கொண்டது அந்தச் சிமெண்ட் மேசை.

ஆட்டம் பிறந்த கதையும் எங்கள் பக்கம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், இங்கிலாந்தில் இரவுச் சாப்பாடு முடிந்த மேசையில் பிறந்த ஆட்டம் இது. 1900 வாக்கில் செல்லுலாய்டு என்ற லேசான பிளாஸ்டிக் பந்து வந்ததும் மக்கள் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இந்த ஆட்டத்துக்கென்று சர்வதேசச் சம்மேளனம் வந்தது அதற்கெல்லாம் பிறகு, 1926-ல்தான்.

இன்றைய பெர்லினுக்கு வாருங்கள். பூங்காவுக்குப் பூங்கா பிங்பாங் மேசை கிடக்கிறது. அங்கே 'ருண்ட்லாஃப்' என்று ஓர் ஆட்டம். பத்துப் பேர் மேசையைச் சுற்றி நிற்பார்கள். ஓர் அடி அடித்ததும் மறுபக்கம் ஓட வேண்டும், அடுத்த பந்து பின்னால் வருபவருக்கு. தவறவிட்டவர் வெளியே. ஆள் குறையக் குறைய ஓட்டம் கூடும். மூன்று பேர் மிஞ்சும்போது பார்க்கிற நமக்கே மூச்சு வாங்கும். இரண்டு பேரானதும் நின்று சில புள்ளிகள் ஆடி முடிப்பார்கள். அப்புறம் வெளியே போன அத்தனை பேரும் திரும்ப உள்ளே! பேர் தெரியாத வழிப்போக்கரும் வரிசையில் சேர்ந்துகொள்ளலாம்.

"ஒலிம்பிக்கைப் பாருங்கள்" என்றார் நண்பர். பார்க்கிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், லக்சம்பர்க்குக்காக 61 வயதில் ஆடி ஒரு சுற்றை வென்றார் நி ஷியாலியான். சிலி நாட்டுக்காக 58 வயதில் முதல் ஒலிம்பிக் ஆடினார் ஸெங் ஸியிங். இளம் வயதில் சீனாவில் ஆடியவர், சிலிக்குப் போய் வியாபாரத்தில் இறங்கி ஆட்டத்தை விட்டவர். கொரோனா காலத்தில் உடற்பயிற்சிக்காகத்தான் பேட்டைத் திரும்ப எடுத்தார். அவரை இழுத்தது பதக்கமா? பதக்க ஆசை இருபது வயதிலேயே போயிருக்குமே ஐயா!

கடைசியாக ஒன்று. பந்து வலையின் விளிம்பில் உரசி, உயிர் போனதுபோல எதிராளி பக்கம் பொத்தென்று விழும். எடுக்கவே முடியாது. அப்போது புள்ளி பெற்றவர் குதிக்க மாட்டார், கையை லேசாக உயர்த்துவார். 'மன்னியுங்கள், இது என் திறமையில் வந்ததல்ல' என்று அர்த்தம். அப்படிச் செய்யச் சொல்லி எந்த விதியும் இல்லை. ஆனால் ஒலிம்பிக் அரங்கிலும் செய்கிறார்கள், பூங்காவிலும் செய்கிறார்கள்.

எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது தொலைக்காட்சி இல்லை. எங்கள் தெரு மன்றத்தில், ஒரு கால் ஆடுகிற மேசையில், எனக்கு ஒன்பது வயதிருக்கும். அப்படி விழுந்த பந்துக்கு நான் துள்ளிக் குதித்தேன். எதிரே ஆடிய அண்ணன் மேசையைச் சுற்றி வந்து, என் மணிக்கட்டைப் பிடித்து உயர்த்தினார். "தானா வந்த பாயிண்ட்டுடா இது, கையைத் தூக்கு" என்றார். அவர் எந்தப் போட்டிக்கும் போனவரில்லை. அவர் சொன்ன அதே வார்த்தையைத்தான் இன்று என் மகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

நன்றி, வணக்கம்.