எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டால் எப்படிப் பிழைப்பேன்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த முறை வந்திருக்கும் கேள்விகளில் ஒன்றை மட்டும் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவற்றுக்கு நேரம் இருக்குமா என்று தெரியவில்லை. படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என் மனதை விட்டுப் போகவே இல்லை.

ஒரு அம்மா எழுதியிருக்கிறார். விரல் மூட்டுகளில் வீக்கம். காலையில் எழுந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு விரலை மடக்க முடியாது, சட்டைப் பொத்தான் போட முடியாது. முடக்குவாதம் என்று சொல்லி டாக்டர் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கொடுத்திருக்கிறார். மூன்று மாதம் ஆகிறது, இப்போதுதான் வலி கொஞ்சம் அடங்கியிருக்கிறது. அந்த நேரம் பார்த்து, மாத்திரையோடு வந்த தாளை எடுத்துப் படித்துவிட்டார். அதில் நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் என்று இருக்கிறது. பயந்துபோய் இரண்டு வாரமாக மாத்திரையை நிறுத்திவிட்டு, எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று விற்கிற ஒரு பொடியைச் சாப்பிடுகிறார். 'உடம்பே நோயில் கிடக்கிறது, இருக்கிற எதிர்ப்பு சக்தியையும் குறைத்தால் நான் எப்படிப் பிழைப்பேன்? கூட்டுவதற்கு வழி சொல்லுங்கள்' என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, உங்கள் பயம் நியாயமான பயம். உங்களிடம் மாத்திரையைக் கொடுத்தபோதே யாராவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு நான் இப்போது என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியும். காசநோய் பற்றிப் பேசியபோதும் சொன்னேன், தொழுநோய் பற்றிப் பேசியபோதும் சொன்னேன். எதிர்ப்பு சக்தி என்பது சமையலில் உப்பு மாதிரி கூட்டிக் குறைத்துச் சரிபார்க்கிற ஒரே ஒரு பொருள் இல்லை. பல வகை செல்கள், அவை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் ரசாயனங்கள், தாக்கச் சொல்லும் உத்தரவு, போதும் நிறுத்து என்று சொல்லும் உத்தரவு எல்லாம் சேர்ந்த பெரிய ஏற்பாடு அது. யாரைத் தாக்குவது, எவ்வளவு நேரம் தாக்குவது, எப்போது நிறுத்துவது, இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் ஆரோக்கியம். உங்கள் மூட்டில் நடப்பது என்ன? தாக்குதல் நடக்கிறது, ஆனால் அங்கே எதிரி இல்லை. மூட்டின் உள்சவ்வையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. நிறுத்தச் சொல்லும் உத்தரவும் வேலை செய்யவில்லை. இந்த நிலைமையில் பொதுவாக எதிர்ப்பு சக்தியைக் கூட்டுங்கள் என்றால், எதைக் கூட்டுவது?

கிருமியே உள்ளே இருக்கும் நோயிலும் இதே கதைதான். தொழுநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். 1873-ல் ஹான்சன் கண்டுபிடித்த கிருமி, மிக மெதுவாகப் பெருகுவது. இன்று கூட்டு மருந்து சிகிச்சையில் அது முழுதாகக் குணமாகிறது. ஆனால் மருந்து ஆரம்பித்த பிறகு சிலருக்கு, தேமல் போல இருந்த இடம் திடீரென்று சிவந்து வீங்கும். முழங்கை நரம்பு தடித்து வலிக்கும். இரண்டு மூன்று நாளில் சுண்டுவிரலில் பலம் குறையும். நான் பார்த்த ஒரு இளைஞர், மருந்துதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு வந்தார். ஒரு காகிதத்தை விரல்களுக்கு நடுவில் பிடிக்கச் சொன்னேன். நான் லேசாக இழுத்ததுமே நழுவி வந்துவிட்டது. அந்த நரம்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது கிருமியைவிட அதிகமாக அவருடைய சொந்த எதிர்ப்பு சக்தி. கிருமியின் துணுக்குகளைப் பார்த்துச் சீறிக்கொண்டு வந்து நரம்பையும் சேர்த்து நசுக்குகிறது. அதற்கு வைத்தியம், கிருமியைக் கொல்லும் மருந்தைத் தொடர்ந்துகொண்டே கூடவே ஸ்டீராய்டு கொடுப்பது. தொற்று நோயாளிக்கு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து! அதுதான் கையைக் காப்பாற்றுகிறது. தாமதித்தால் விரல் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிடும்.

இன்னொன்று, நாம் எல்லோரும் வாழ்ந்து கடந்தது. 2020 ஜூன் மாதம், பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வின் முடிவு வந்தது. கோவிட் முற்றி வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, சாதாரண ஸ்டீராய்டைக் கொடுத்தபோது இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு ஒரு பலனும் இல்லை. இந்தக் கடைசி வரியைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். அதே கிருமி, அதே மருந்து. எதிர்ப்பு சக்தி தன் வேலையை ஒழுங்காகச் செய்யும் கட்டத்தில் அதை அடக்கிப் பயன் இல்லை. அது எல்லை மீறி நுரையீரலையே வீங்க வைக்கும் கட்டத்தில் அடக்கினால் உயிர் பிழைக்கிறது.

ஸ்டீராய்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. பிலிப் ஹென்ச் என்று ஒரு மருத்துவர், அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் இருந்தவர். முடக்குவாத நோயாளிகளுக்கு மஞ்சள்காமாலை வந்தால் மூட்டு வலி விட்டுப்போவதையும், பெண்கள் கர்ப்பமாக இருக்கும்போது வலி குறைவதையும் கவனித்தார். உடம்பே ஏதோ ஒன்றைச் சுரக்கிறது, அதுதான் வலியைத் தணிக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் தேடினார். 1948 செப்டம்பரில், படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்ச்சுக்கும், இதே ஆராய்ச்சியில் உழைத்த வேறு இருவருக்கும் நோபல் பரிசு. ஆனால் தொடர்ந்து அதிக அளவில் கொடுத்தபோது முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, எலும்பு பலம் இழந்தது, தொற்றுகள் வந்தன. முடக்குவாத சிகிச்சையில் தொற்று அபாயத்தைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் பார்ப்பது ஸ்டீராய்டின் அளவைத்தான். மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதன் பெரிய லாபமே, ஸ்டீராய்டை நாளடைவில் குறைத்துவிடலாம் என்பது. அந்த மாத்திரையை நிறுத்தினால் வலி திரும்பும். வலி திரும்பினால் ஸ்டீராய்டில் போய் நிற்க வேண்டிவரும். நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்களோ அதை நோக்கியே போகிற வழி இது. அடங்காத முடக்குவாதமே தொற்று வரும் வாய்ப்பைக் கூட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பொடியைப் பற்றி ஒரே ஒரு விஷயம். மூட்டு வலிக்கு என்று விற்கிற இப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில், சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் பலமுறை தெரியவந்திருக்கிறது. சாப்பிட்ட இரண்டாம் நாளே வலி பறந்துவிட்டது என்றால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

சரி, மாத்திரையைத் தொடர வேண்டும் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆனால் என்னை இந்தக் கேள்வி தொந்தரவு செய்ததற்குக் காரணம் வேறு. எதிர்ப்பு சக்தியை எப்படிக் கூட்டுவது என்று எத்தனையோ பேர் கேட்கிறார்கள். 'இந்த மாத்திரை சாப்பிடும்போது காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? ஆரம்பிப்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?' என்று யாருமே கேட்பதில்லை. உயிரைக் காப்பது அந்தக் கேள்வி. அதற்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தூங்குகிற கிருமி. உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் உடலில் காசநோய்க் கிருமி நுழைந்திருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. செல்கள் அந்தக் கிருமியைச் சுற்றி வளைத்து உட்கார்ந்து, வெளியே விடாமல் வைத்திருக்கின்றன. அந்த வளையம் கலையாமல் இருக்க டிஎன்எஃப் என்ற ரசாயனம் வேண்டும். இதே டிஎன்எஃப்தான் முடக்குவாதத்தில் மூட்டை அரிக்கிறது. மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு அதைத் தடுக்கும் ஊசி வந்தபோது மூட்டு நோயில் பெரிய மாற்றம் ஏற்பட்டது. ஆனால் 2001-ல், இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி போட்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்த விவரம் வெளியானது. பெரும்பாலோருக்கு முதல் சில ஊசிகளுக்குள்ளேயே வந்திருந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நுரையீரலுக்கு வெளியே. இருமலே இல்லாமல் கழுத்தில் நெறிகட்டி, வயிற்றில் நீர் கோத்து, இப்படியும் காசநோய் வரும். அதற்குப் பிறகுதான் ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும், தோலில் மாண்டூ பரிசோதனை அல்லது ரத்தத்தில் இக்ரா பரிசோதனையும் செய்வது கட்டாயம் போல ஆனது. ஹெபடைட்டிஸ் பி கிருமியும் இப்படித் தூங்கிக் கிடக்கும், அதையும் ரத்தத்தில் பார்ப்பார்கள். வீட்டில் யாருக்காவது எப்போதாவது காசநோய் இருந்திருந்தால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், கேட்காவிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தடுப்பூசி விஷயம் சுருக்கமாக. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் போட்டுக்கொள்ளலாம், போட்டுக்கொள்ள வேண்டும். உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த சில தடுப்பூசிகள் உண்டு. உதாரணம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அந்த வகையை டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது.

இப்போது காய்ச்சல். இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிபயாடிக் தேவைப்படும் அளவுக்குத் தொற்று வந்தால், டாக்டரிடம் பேசி மெத்தோட்ரெக்சேட்டை அந்த வாரம் தள்ளிப்போடுவது வழக்கம், குணமானதும் தொடர்வார்கள். டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஊசி மருந்தும் அப்படித்தான். ஆனால் ஸ்டீராய்டை மட்டும் ஒருநாளும் சட்டென்று நிறுத்தாதீர்கள். பல வாரம் சாப்பிட்டவரின் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்தியிருக்கும். காய்ச்சலின் நடுவில் அதையும் நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். காய்ச்சல் நேரத்தில் அதன் அளவைக் கூட்ட வேண்டிவருவதும் உண்டு. ஒன்றைத் தள்ளிப்போட வேண்டும், இன்னொன்றை நிறுத்தவே கூடாது. இரண்டையும் மாற்றிச் செய்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்ஸசோல் மாத்திரை மெத்தோட்ரெக்சேட்டோடு சேரக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உற்பத்தி நின்றுபோகலாம். எந்த டாக்டரிடம் எதற்குப் போனாலும் நான் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

முடிப்பதற்குள் ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை. அவருக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை. மற்ற மாத்திரைகளோடு சேர்த்து தினமும் சாப்பிட்டிருக்கிறார். வந்தபோது உதடு, நாக்கு, கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் புண். வாயில் விட்ட தண்ணீர் உதட்டோரம் வழிந்தது, அவரால் விழுங்க முடியவில்லை. வெள்ளை அணுக்கள் அதலபாதாளத்தில் இருந்தன. மகன் கொண்டு வந்த மாத்திரை அட்டையில் அத்தனை குமிழும் காலி. அதைப் பார்த்துத்தான் காரணமே புரிந்தது. மெத்தோட்ரெக்சேட்டுக்கு மாற்று மருந்தான ஃபோலினிக் ஆசிட் ஊசி கொடுத்து, தனி அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டதில் மெல்ல மெல்ல மீண்டார். மருந்துத் தாளில் உள்ள எச்சரிக்கைகள் பொய் இல்லை அம்மா. வாரம் ஒருமுறை, கூடவே ஃபோலிக் ஆசிட், குறிப்பிட்ட இடைவெளியில் ரத்த அணுக்களுக்கும் கல்லீரலுக்கும் பரிசோதனை, இந்த ஒழுங்கோடு இருந்தால் பல வருடம் பாதுகாப்பாகச் சாப்பிடுகிறார்கள். முடக்குவாதத்தில் எலும்பு அரிப்பு பெரும்பாலும் முதல் ஓரிரு ஆண்டுகளுக்குள் தொடங்கிவிடும். அரித்த எலும்பு திரும்ப வளராது. உங்கள் மாத்திரை முழுப் பலன் காட்ட ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும், அது வேலை செய்ய ஆரம்பித்த நேரத்தில்தான் நிறுத்தியிருக்கிறீர்கள்.

ஆகவே நாளைக்கே உங்கள் டாக்டரைக் கூப்பிட்டு, இரண்டு வாரம் விட்டுவிட்டேன் என்று மறைக்காமல் சொல்லுங்கள். விட்டுப்போன மாத்திரைகளைச் சேர்த்து ஒரே நேரத்தில் போட்டுவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று பார்த்து, வேண்டுமென்றால் செய்துவிட்டு, அவர் சொல்லும் அளவில் திரும்ப ஆரம்பியுங்கள். எந்தக் கிழமை என்று முடிவானதும் அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். பொடி டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம் வந்தால், நிறுத்துவதையும் அவர் சொல்கிறபடிதான் செய்ய வேண்டும்.