சாம்பல் திமிங்கிலம் தேடி வருவது யாரை?

[காட்சி: விடியற்காலை. அசைவற்ற நீர்ப்பரப்பு. தொலைவில் ஒரு மூச்சு வெண்புகையாக எழுந்து கலைகிறது.]

மெக்சிகோவின் வடமேற்கில், பசிபிக் பெருங்கடலை ஒட்டித் தெற்கு நோக்கி நீண்டு இறங்கும் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தின் நடுப்பகுதியில், பாலைநிலம் கடலைத் தொடும் இடத்தில், சான் இக்னாசியோ என்னும் காயல் இருக்கிறது. டிசம்பர் நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதி வரை சாம்பல் திமிங்கிலங்கள் இங்கே வந்து இணை சேர்கின்றன, கன்று ஈனுகின்றன. அவற்றைக் காண மனிதர்களும் வருகிறார்கள். குடும்பமாக வருபவர்கள் உண்டு, குழுவாக வருபவர்கள் உண்டு, துணைக்கு ஒருவரும் இல்லாமல் வந்து, முன்பின் அறியாதவர்களோடு ஒரே படகில் ஏறிக்கொள்பவர்களும் உண்டு. இந்த மூன்றாம் வகையினர் திரும்பி வந்து தம் அனுபவத்தைச் சொல்லும்போது, "நான் திமிங்கிலத்தைப் பார்த்தேன்" என்று தொடங்கிய பேச்சு, சற்று நேரத்திலேயே "அது என்னைப் பார்த்தது" என்று மாறிவிடுகிறது. செயப்படுபொருள் எழுவாயாகும் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இந்த வீடியோவில் விளங்கிக்கொள்ள முயல்கிறோம்.

முதலில் வருவது யார் என்பதைப் பார்ப்போம். வளர்ந்த சாம்பல் திமிங்கிலம் 13 முதல் 15 மீட்டர் நீளம் இருக்கும். நம் ஊர்ப் பேருந்தைவிட நீளம். பிறந்த கன்றே ஏறக்குறைய நாலரை மீட்டர் இருக்கும். கோடையில் இவை அலாஸ்காவுக்கு அப்பால், பெரிங் கடலிலும் சுக்சி கடலிலும், கடலடிச் சேற்றை உறிஞ்சி அதிலுள்ள சிறு கூனி போன்ற உயிர்களை வடிகட்டித் தின்கின்றன. பெரும்பாலானவை வலப்பக்கமாகச் சாய்ந்து மேய்வதால், வலப்பக்கத்து வடிகட்டித் தகடுகள் இடப்பக்கத்தைவிட அதிகமாகத் தேய்ந்திருக்கும். நம்மில் வலக்கைக்காரர் இருப்பதைப் போல அவற்றிலும் வலப்பக்கத்தார் இருக்கிறார்கள் என்று எண்ணும்போது எனக்கு ஏனோ மகிழ்ச்சியாக இருக்கிறது. குளிர் வந்ததும் கரையோரமாகவே 8,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்தித் தெற்கே வருகின்றன. வந்த இடத்தில் அவை உண்பது மிகக் குறைவு. கோடையில் சேர்த்த கொழுப்பைக் கரைத்தே பெரியவை உயிர் வாழ்கின்றன, தாய்மார் பாலும் கொடுக்கிறார்கள். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படகருகே வரும் திமிங்கிலம் தீனிக்காக வருவதில்லை. அதற்கு யாரும் எதையும் போடுவதுமில்லை, போடவும் கூடாது.

[காட்சி: பழைய வரைபடம். வடக்கே ஓஹோ டி லியெப்ரே காயல், தெற்கே சான் இக்னாசியோ.]

இதே கரையில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு மனிதனுக்கும் திமிங்கிலத்துக்கும் இடையே இருந்த தொடர்பு வேறு. சார்ல்ஸ் மெல்வில் ஸ்காம்மன் என்னும் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவர், 1857-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், வடக்கேயுள்ள ஓஹோ டி லியெப்ரே காயலுக்குள் நுழையும் வழியைக் கண்டுபிடித்தார். கன்று ஈனும் இடத்திலேயே வேட்டையாடலாம் என்று தெரிந்ததும் மற்றக் கப்பல்களும் வந்து குவிந்தன. கன்றைக் காயப்படுத்தினால் தாய் விட்டுப் போகாது என்பதை வேட்டைக்காரர்கள் அறிந்திருந்தார்கள். தாய் உண்மையிலேயே விட்டுப் போகவில்லை; படகுகளை உடைத்தது, ஆட்களைத் தூக்கி எறிந்தது. அதனால் இந்தத் திமிங்கிலத்துக்குப் 'பேய்மீன்' என்று பெயர் வைத்தார்கள். கன்றைக் காக்கப் போராடிய தாய்க்குப் பேய் என்று பெயர் வைத்தவர்கள் தங்களுக்கு என்ன பெயர் வைத்துக்கொண்டார்கள் என்று தெரியவில்லை.

அந்தப் பெயரும் அந்த அச்சமும் வேட்டை ஓய்ந்த பிறகும் நீடித்தன. 1937-ஆம் ஆண்டின் பன்னாட்டு ஒப்பந்தமும், அதன்பின் 1946-ஆம் ஆண்டின் ஒப்பந்தமும் சாம்பல் திமிங்கில வணிக வேட்டையைத் தடுத்தன; எண்ணிக்கை மெல்ல மீண்டது. ஆனால் சான் இக்னாசியோ காயலின் மீனவர்கள் திமிங்கிலம் வரும் பக்கம் போகாமல் ஒதுங்கியே தொழில் செய்தார்கள். 1972-ஆம் ஆண்டில் ஒரு நாள், பச்சீகோ என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட ஃபிரான்சிஸ்கோ மயோரல் என்னும் மீனவர், தம் கூட்டாளியோடு சிறு படகில் மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சாம்பல் திமிங்கிலம் படகருகே எழுந்து, விலகாமல் படகைச் சுற்றிக்கொண்டும் அடியில் புகுந்து மறுபக்கம் எழுந்துகொண்டும் இருந்தது. பயந்துபோயிருந்த அவர், நேரம் செல்லச் செல்ல, கையை நீட்டி அதைத் தொட்டார். அது விலகவில்லை. இன்று இந்தக் காயலில் நடக்கும் அனைத்துக்கும் தொடக்கமாகச் சொல்லப்படுவது அந்தத் தொடுகைதான். 2013-இல் இறக்கும் வரை பச்சீகோ அந்தக் காயலையும் அதன் திமிங்கிலங்களையும் விட்டுப் பிரியவில்லை.

[காட்சி: படகின் விளிம்பு. நீருக்குள் ஒரு வெளிறிய நிழல் மேலெழுகிறது.]

இப்போது அந்தப் படகில் ஏறுவோம். அங்கே அதைப் பங்கா என்கிறார்கள். நம் கடற்கரையில் ஃபைபர் படகு என்று சொல்கிறோமே, அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். அனுமதி பெற்ற உள்ளூர்ப் படகோட்டிதான் ஓட்ட வேண்டும், ஒரே நேரத்தில் நீரில் இருக்கும் படகுகளுக்கு வரம்பு உண்டு, இறங்கி நீந்தக் கூடாது, திமிங்கிலத்தைத் துரத்தக் கூடாது. எனவே பெரும்பகுதி நேரம் காத்திருப்பதிலேயே போகிறது. இயந்திரம் மெல்ல முனகிக்கொண்டிருக்க, காற்று உப்பைக் கொண்டுவந்து முகத்தில் பூச, ஒன்றும் நடக்காத பல நிமிடங்களுக்குப் பிறகு, சில நாட்களில் ஒன்றுமே நடக்காமல் போவதும் உண்டு என்ற அறிவோடு, நீங்கள் நீரையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பிறகு ஒரு நிழல் வருகிறது. அதன் தலையில் ஒட்டுயிர்களின் ஓடுகள் வெள்ளைத் திட்டுகளாகப் படிந்திருக்கின்றன. அவற்றுக்கிடையே திமிங்கிலப் பேன்கள் ஊர்கின்றன. மூக்குப் பகுதியில் சிறு குழிகள், ஒவ்வொரு குழியிலும் உணர்வு மிகுந்த ஒரு முடி. தோல் நனைந்த ரப்பர்போல் இருக்கிறது என்று தொட்டவர்கள் சொல்கிறார்கள். அது ஒருக்களித்துப் புரளும்போது, வாயின் மூலைக்குச் சற்று மேலே இருக்கும் கண் நீருக்கு வெளியே வருகிறது. சில சமயம் தாய் தன் கன்றைப் படகை நோக்கித் தள்ளிவிடுகிறது.

ஏன் வருகிறது? ஆய்வாளர்கள் பல விடைகளைச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். ஒட்டுயிர்கள் அரிக்கும் தோலைப் படகில் உரசிக்கொள்ள வருகிறது என்பது ஒன்று. மெதுவாக ஓடும் இயந்திரத்தின் ஒலி அதை ஈர்க்கிறது என்பது இன்னொன்று. தொடக்க ஆண்டுகளில் கவனித்தவர்கள் அணைத்த படகைவிட முனகும் படகையே திமிங்கிலங்கள் அதிகம் நாடுவதைக் குறித்திருக்கிறார்கள். விளையாட்டு, புதியதை அறியும் ஆவல், தாயிடமிருந்து கன்று கற்றுக்கொண்ட பழக்கம் என்றும் சொல்வார்கள். இவற்றில் எந்த ஒன்றும் மற்றொன்றை விலக்கவில்லை. "வேட்டையாடிய நம்மை அவை மன்னித்துவிட்டன" என்ற விளக்கமும் பயணிகளிடையே பரவலாக இருக்கிறது. கேட்க இதமான விளக்கம்தான். ஆனால் ஸ்காம்மன் நுழைந்த ஆண்டுக்கும் பச்சீகோ கை நீட்டிய ஆண்டுக்கும் இடையே 115 ஆண்டுகள் இருக்கின்றன. மன்னிப்பு என்பது நமக்குத் தேவைப்படும் சொல், திமிங்கிலத்திடம் அது இருப்பதாகக் காட்ட நம்மிடம் ஒன்றும் இல்லை. இத்தனையும் கழித்த பிறகும் ஒரு செய்தி மிஞ்சுகிறது. எளிதில் விலகிப் போயிருக்கக்கூடிய ஒரு விலங்கு, தீனியும் கட்டாயமும் இல்லாமல், தானாக வருகிறது. தேடி வந்தது என்பது உண்மை. என்னைத் தேடி வந்தது என்பதுதான் ஐயத்துக்குரியது.

தனியாகப் பயணம் செய்பவருக்கு இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு ஏன் எளிதில் அழிந்துபோகிறது? சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கலஸ் எப்ளியும் உடன் ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழிகாட்டி. தனிமையை உணர்பவர்கள் வளர்ப்பு விலங்குகளிலும், ஏன், வீட்டுக் கருவிகளிலும்கூட மனிதத் தன்மையை அதிகமாகக் காண்கிறார்கள் என்றும், தனிமை உணர்வு தூண்டப்பட்டவர்களிடம் தெய்வம், ஆவி போன்றவற்றின் மீதான நம்பிக்கை கூடுகிறது என்றும் அவர்கள் கண்டார்கள். இதை வைத்துத் தனிப் பயணியின் அனுபவத்தை வெறும் ஏக்கம் என்று தள்ளிவிடுவது அவசரம். தமிழில் தனிமை என்ற ஒரே சொல் விரும்பித் தனித்திருப்பதையும் ஒருவரும் இல்லாமல் தவிப்பதையும் குறிக்கிறது; பயணத்தில் இவை இரண்டும் ஒரே நாளில் மாறி மாறி வரும். பேச ஆள் இல்லாதபோது கவனம் வெளியே திரும்புகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் "பார், பார்" என்று சொல்லி அந்த நொடியைச் செலவழித்துவிடாமல், அதற்குள்ளேயே நிற்க முடிகிறது. திமிங்கிலத்திடம் மனம் இருக்கிறது என்று உணர்வதற்குத் தனிமை நம்மைத் தயார்ப்படுத்துகிறது. இங்கே அதன் எதிரில் மெய்யாகவே ஒரு மனம் இருக்கிறது. வீட்டுக் கருவியில் மனதைக் காண்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

இன்னொரு பகுதி வியப்பைச் சேர்ந்தது. உளவியலாளர்கள் டாக்கர் கெல்ட்னரும் ஜோனதன் ஹைட்டும் 2003-இல் எழுதிய கட்டுரையில், பெருவியப்புக்கு இரண்டு கூறுகள் உண்டு என்றார்கள்: தன்னைவிட மிகப் பெரிதான ஒன்றின் எதிரில் நிற்பது, அதுவரை மனத்தில் இருந்த சட்டகத்துக்குள் அது அடங்காததால், சட்டகத்தையே மாற்ற வேண்டி வருவது. எனக்கு இந்தக் கட்டுரையைவிடத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இந்தப் படகுக்கு இன்னும் நன்றாகப் பொருந்துவதாகத் தோன்றுகிறது. மருட்கை என்னும் வியப்பு புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்று அது சொல்கிறது. அந்த வியப்பை 'மதிமை சாலா மருட்கை', அதாவது அறிவு போதாமல் நிற்கும் வியப்பு என்கிறது. புதுமையும் பெருமையும் சொல்லாமலே விளங்கும். சிறுமையை அந்த முரட்டுத் தோலின் குழியில் நிற்கும் ஒற்றை முடியில் காணலாம். அத்தனை பெரிய உடல் இத்தனை நுண்ணிய ஒன்றைக் கொண்டு நம் விரலை அறிகிறது. ஆக்கம், ஒன்று வேறொன்றாக மாறுவது. பேய்மீன் என்று பெயர் பெற்ற உயிர், தன் கன்றை மனிதன் பக்கம் தள்ளிவிடுவதைவிடப் பெரிய ஆக்கத்தை நான் அறியேன்.

[காட்சி: மலைக்குகை ஓவியம். செம்மண் நிறத்தில் விலங்குருவங்கள்.]

இந்த உணர்வு சுற்றுலாவோடு வந்ததல்ல. சான் இக்னாசியோ ஊருக்கு அருகிலுள்ள சியெரா டி சான் ஃபிரான்சிஸ்கோ மலைக்குகைகளில், பழங்குடி மக்கள் மான், கழுகு, ஆமை ஆகியவற்றோடு திமிங்கிலத்தையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். வரைந்தவர்கள் எதை எண்ணி வரைந்தார்கள் என்பதைச் சொல்ல எவரும் மிஞ்சவில்லை. இதே திமிங்கிலங்களின் வலசைப் பாதையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் வாழும் மக்கா மக்களிடமோ அந்தத் தொடர்பு இன்றும் உயிரோடிருக்கிறது. அவர்களுடைய மரபில் திமிங்கில வேட்டைக்குப் போகும் தலைவன், முன்னதாகத் தனியே சென்று குளிர்ந்த நீரில் நீராடி, நோன்பிருந்து, வேண்டிக்கொள்வான். 1855-ஆம் ஆண்டு உடன்படிக்கை அவர்களுக்கு அந்த வேட்டை உரிமையை உறுதி செய்தது. 1920-களில் தாமாகவே கைவிட்ட வேட்டையை அவர்கள் 1999-இல் மீண்டும் ஒருமுறை நடத்தி, ஒரு சாம்பல் திமிங்கிலத்தைப் பிடித்தபோது, கடுமையான எதிர்ப்பு எழுந்தது. தொட்டுக் கண்ணீர் விடும் பயணியும், நோன்பிருந்து ஈட்டி எறியும் வேட்டைக்காரரும் ஆன்மிகத் தொடர்பு என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் திமிங்கிலத்துக்கு இந்தச் சொல்லால் என்ன கிடைத்தது என்று கேட்கத்தான் வேண்டும். கொஞ்சம் கிடைத்திருக்கிறது. காயலின் கரையில் மாபெரும் உப்பளம் ஒன்றை அமைக்க மெக்சிகோ அரசும் ஒரு ஜப்பானிய நிறுவனமும் கூட்டாகத் திட்டமிட்டபோது உலகெங்கும் எதிர்ப்புத் திரண்டது. அந்தத் திட்டத்தை 2000 மார்ச்சில் அதிபர் எர்னெஸ்டோ செடில்யோ கைவிட்டார். படகில் அமர்ந்து அந்தக் கண்ணைப் பார்த்தவர்களும் எதிர்த்தவர்களில் இருந்தார்கள். உப்பளத்தைத் தடுக்க அது போதுமானதாக இருந்தது. வடதுருவக் கடல் சூடாவதைத் தடுக்க அது போதாது. 2016-இல் ஏறக்குறைய 27,000 என்று மதிப்பிடப்பட்ட இந்தத் திமிங்கிலங்கள், கடலடி உணவு குறைந்து மெலிந்து கரையொதுங்கத் தொடங்கிய பின், 2025-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் சுமார் 13,000 ஆகிவிட்டன.

[காட்சி: மீண்டும் படகு. கை நீருக்கு மேல் நீண்டபடியே இருக்கிறது.]

நேரம் முடியப்போகிறது என்று படகோட்டி சைகை காட்டுகிறார். உங்கள் கை நனைந்திருக்கிறது. சொல்ல அருகில் ஒருவரும் இல்லை. உங்களையே பார்த்ததாக நீங்கள் உணர்ந்த அந்தத் திமிங்கிலம் மூச்சை விட்டு, உங்கள் முகத்தில் மீன் வாடையோடு நீர்த்துளிகளைத் தெளித்து, அடியில் இறங்குகிறது. சற்றுத் தொலைவில் நிற்கும் அடுத்த படகின் ஓரத்தில் அது எழுகிறது, அதேபோல் ஒருக்களித்துப் புரள்கிறது, அதே கண்ணைக் காட்டுகிறது. அங்கிருந்து ஒரு குரல் உங்கள் காதில் விழுகிறது: "என்னைப் பார்க்கிறது!"