ஜெடிடையா ஸ்மித் கொண்டு வந்த தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். பல ஆண்டுகளாக நான் திரும்பத் திரும்பப் படித்துவரும் ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் பெயர் ஜெடிடையா ஸ்மித்.

1822 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வெளிவந்தது. மிசௌரி ஆற்றின் தோற்றுவாய் வரை செல்வதற்கு 100 இளைஞர்கள் தேவை என்று வில்லியம் ஆஷ்லி என்பவர் அறிவித்திருந்தார். பீவர் என்னும் விலங்கைப் பொறிவைத்துப் பிடித்துத் தோல் சேர்ப்பதே வேலை. அக்காலத்துக் கனவான்களின் தொப்பிகள் அதன் ரோமத்தால் செய்யப்பட்டன. அப்படிச் சேர்ந்தவர்களுள் ஒருவர்தான், நியூயார்க் மாநிலத்தில் பிறந்து, அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஸ்மித்.

அடுத்த ஆண்டே ஒரு கரடி அவர்மீது பாய்ந்து, தலையைக் கவ்வி, மண்டைத் தோலைக் கிழித்து, ஒரு காதைத் தொங்கவிட்டுவிட்டது. சுற்றி நின்றவர்கள் திகைத்துப் போயிருக்க, ஊசியும் நூலும் எடுத்துத் தைக்கும்படி அடிபட்டவரே சொன்னார். ஜேம்ஸ் கிளைமன் என்ற தோழர் தைத்தார். காதை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் தயங்கியபோது, எப்படியாவது முயன்று பார் என்று ஸ்மித் வற்புறுத்தினார். தையல் முடிந்ததும் குதிரையேறிக் கூடாரம் வரை சென்றார். அந்தத் தழும்பை மறைக்கவே பிற்காலத்தில் அவர் தலைமுடியை நீளமாக வளர்த்தார் என்பார்கள்.

1824 இல் ராக்கி மலைத்தொடரின் தெற்குக் கணவாயை அவர் 'கண்டுபிடித்தார்' என்று நூல்கள் கூறுகின்றன. இந்தச் சொல்லை நான் ஏற்பதில்லை. காட்டெருமைத் தோலை விரித்து, அதன்மேல் மணலைப் பரப்பி, மலைகளுக்கு அடையாளமாகக் குவியல்கள் வைத்துக் கேட்டபோது, குரோ என்னும் பூர்வகுடி மக்கள்தாம் வழியைச் சொல்லிக் கொடுத்தார்கள். பின்னாளில் லட்சக்கணக்கானோர் மாட்டுவண்டிகளில் மேற்கே குடியேறச் சென்ற அந்தக் கணவாய், அம்மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த பாதை. ஸ்மித்தின் பெருமை, கேட்டு நடந்ததிலும் நடந்ததை எழுதி வைத்ததிலும் இருக்கிறது.

1826 இல் அவர் ஒரு சிறு குழுவோடு தென்மேற்காகப் புறப்பட்டார். கொலராடோ ஆற்றங்கரையில் மொஹாவே மக்கள் உணவளித்து, இளைப்பாற இடமும் கொடுத்தார்கள். பிறகு பாலைவனத்தைக் கடந்து, அன்று மெக்சிகோவுக்கு உரியதாக இருந்த கலிபோர்னியாவை அடைந்தார். அவ்வழியே தரைமார்க்கமாக அங்கே சென்ற முதல் அமெரிக்கர் அவரே. ஆனால் என் மனத்தில் தங்கிவிட்டது, அடுத்த ஆண்டு அவர் திரும்பி வந்த பயணம்.

குழுவில் பெரும்பாலோரை அங்கேயே விட்டுவிட்டு, இரண்டே தோழர்களுடன் சியரா நெவாடா மலையின் பனியைக் கடந்து, அதன் கிழக்கே விரிந்து கிடக்கும் வறண்ட பெருவெளியில் இறங்கினார். அக்கினி நட்சத்திர வெயிலில் ஒரு மணி நேரம் நடந்து வந்தவர்களுக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்வது தெரியும். இவர்களோ சில வேளைகளில் இரண்டு நாட்கள் தண்ணீரே இல்லாமல் நடந்தார்கள். மணலில் குழி தோண்டி, அதில் படுத்து உடம்பைக் குளிரவைத்துக்கொண்டார்கள். ஜூன் 25 ஆம் நாள் ராபர்ட் எவன்ஸ் என்ற தோழர், இனி ஓர் அடியும் எடுத்துவைக்க இயலாது என்று ஒரு சிறிய மரத்தடியில் சாய்ந்துவிட்டார். அவரை விட்டுச் செல்வதைத் தவிர வேறு வழி இல்லை. மற்ற இருவரும் நடந்து, சில மைல்களுக்கு அப்பால் ஒரு மலையடிவாரத்தில் ஊற்றைக் கண்டார்கள். சைலஸ் கோபெல் அப்படியே அதில் விழுந்தார். விளைவைப் பற்றி நினைக்காமல் நானும் குடித்தேன் என்று ஸ்மித் எழுதுகிறார்.

நேயர்களே, தாகம் தீர்ந்த பின் அவர் அங்கேயே படுத்துவிடவில்லை. ஒரு சிறு பாத்திரத்தில் 4 லிட்டருக்குக் குறையாத நீரை எடுத்துக்கொண்டு, வந்த வெயிலிலேயே திரும்பி நடந்தார். பேசக்கூட இயலாமல் கிடந்த எவன்ஸ், பாத்திரத்தை வாயில் வைத்தவர் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, ஏன் இன்னும் கொண்டுவரவில்லை என்று கேட்டார். எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் என் கண் நிற்கும். மூவரும் உயிரோடு ஜூலை 3 ஆம் நாள் பேர் ஏரிக்கரையில் கூடியிருந்த மற்ற வேட்டைத் தோழர்களை அடைந்தார்கள். இறந்துவிட்டதாக எண்ணப்பட்டவர்களைக் கண்ட மகிழ்ச்சியில் அங்கிருந்த சிறு பீரங்கி வெடித்து முழங்கியது.

நேரம் குறைந்துகொண்டு வருவதால் மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சில வாரங்களில் ஸ்மித் மீண்டும் கலிபோர்னியாவுக்கு, முதல் முறை போன வழியிலேயே சென்றபோது, இடையில் வேறொரு வேட்டைக் குழுவோடு நேர்ந்த மோதலால் சினந்திருந்த மொஹாவே மக்கள் அவர் குழுவில் 10 பேரைக் கொன்றார்கள். கோபெலும் அவர்களுள் ஒருவர். 1828 இல் ஒரிகானின் அம்ப்குவா ஆற்றங்கரையில் மேலும் 15 பேர் மாண்டார்கள்.

1831 மே மாதம், சான்டா ஃபே நகரை நோக்கிச் சென்ற வணிக வண்டிகள் சிமரோன் ஆற்றை ஒட்டிய வறண்ட சமவெளியில் தண்ணீரின்றித் தவித்தன. ஊற்றைத் தேடித் தனியே முன்னால் சென்ற ஸ்மித்தைக் கொமாஞ்சே என்னும் பூர்வகுடி வீரர்கள் கொன்றார்கள். அவருடைய உடல் கிடைக்கவில்லை. அவர் துப்பாக்கிகளை மட்டும், சான்டா ஃபே நகரில் மெக்சிகோ வணிகர்களிடம், உடன் பயணம் செய்த அவருடைய தம்பி அடையாளம் கண்டார்.