வளைக்குள் ஃபெரெட், வெளியே லர்ச்சர்: இங்கிலாந்துக் கிராமத்து முயல் வேட்டை

[காட்சி: உறைபனி படிந்த புல்மேடு. ஓரத்தில் முட்புதர். ஒரு நாய் அசையாமல் நிற்கிறது.]

வணக்கம். இந்த நாயைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தலையை ஒரு பக்கம் சாய்த்து, முன்னங்கால் ஒன்றை லேசாகத் தூக்கி, தரையில் இருக்கும் ஒரு வளையின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. குரைக்கவில்லை. மண்ணைப் பறிக்கவில்லை. "உள்ளே முயல் இருக்கிறது" என்று தன்னை வளர்த்தவரிடம் சொல்கிறது, அவ்வளவுதான். சற்று முன் பக்கத்து மேட்டில் இருந்த வளைகளை மோந்துவிட்டு நிற்காமல் வந்துவிட்டது. அங்கே வலை விரிக்க வேண்டிய வேலையே இல்லை.

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் குளிர்காலம் முழுக்க நடக்கும் வேட்டை இது. ஒரு மனிதர், லர்ச்சர் என்ற கலப்பின நாய் ஒன்று, பெட்டிக்குள் ஃபெரெட் என்ற சின்ன விலங்கு இரண்டு மூன்று. வேட்டை என்றதும் ஓட்டமும் பாய்ச்சலும்தான் நம் நினைவுக்கு வரும். இதில் பெரிய திறமை சத்தம் போடாமல் இருப்பதுதான்.

சரி, முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழில் முயல் என்று ஒரே சொல்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஹேர் வேறு, ராபிட் வேறு. நம்மூர்க் காட்டு முயல் ஹேர் வகை. அது வளை தோண்டாது, புல்லுக்குள் பதுங்கிக் கிடக்கும், ஆபத்து வந்தால் காலை நம்பி ஓடும். சிப்பிப்பாறை மாதிரி ஒல்லி நாய்களை நம் ஊரில் வளர்த்ததே அந்த ஓட்டத்துக்கு ஈடு கொடுக்கத்தான். ராபிட்டின் குணம் வேறு. அது கூட்டமாக மண்ணைக் குடைந்து வாழும். ஒரே குடியிருப்புக்கு இருபது முப்பது வாசல்கூட இருக்கும். எதையாவது கண்டு பயந்தால் அடுத்த நொடி உள்ளே போய்விடும். அதன் பிறகு எவ்வளவு வேகமான நாயாலும் பயன் இல்லை. வளைக்குள் நுழையும் ஒரு விலங்கு வேண்டும்.

[காட்சி: மரப்பெட்டியின் மூடி திறக்கிறது. வெள்ளை முகம், இளஞ்சிவப்பு மூக்கு.]

இதுதான் ஃபெரெட். பார்த்தால் நம் கீரிப்பிள்ளை நினைவுக்கு வரும், ஆனால் கீரி இனம் இல்லை. ஐரோப்பாவில் இருக்கும் போல்கேட் என்ற காட்டு விலங்கைப் பழக்கி உண்டாக்கிய வீட்டு இனம். பழக்கம் நேற்று வந்ததும் இல்லை. ஸ்ட்ராபோ என்ற கிரேக்கப் புவியியல் அறிஞர் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதி வைத்திருக்கிறார்: ஸ்பெயின் பக்கத்து மக்கள் இதைப் போன்ற விலங்குகளுக்கு வாய்க்கட்டு போட்டு முயல் வளைக்குள் அனுப்புவார்களாம், தப்பி வெளியே ஓடிவரும் முயல்களை மேலே நிற்பவர்கள் பிடிப்பார்களாம். இன்றைக்கும் வேலையின் அடிப்படை அதேதான். ஃபெரெட்டின் வேலை முயலைப் பிடிப்பது இல்லை, கிளப்பிவிடுவது. அது உள்ளேயே பிடித்துக் கொன்றுவிட்டால் வேட்டைக்காரருக்குத் தலைவலி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

[காட்சி: கை ஒரு வலையை விரிக்கிறது. மிக அருகில்.]

இந்த வலைக்கு ஆங்கிலத்தில் பர்ஸ் நெட் என்று பெயர். நம் பாட்டிகள் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள், அதே வேலைதான். ஓரம் முழுக்க ஒரு கயிறு ஓடுகிறது, அதன் முனை ஒரு மர முளையில் கட்டியிருக்கிறது. முளையை வளைக்கு மேலே தரையில் அழுத்தி, வலையை வாசலில் போர்த்திவிடுகிறார்கள். முயல் முட்டிய வேகத்தில் கயிறு இழுபட்டு வலை சுருங்கிக்கொள்ளும்.

எல்லா வாசலிலும் வலை வேண்டும். தெரிகிற வாசல்களைவிட, முட்செடிக்கு அடியில், காய்ந்த இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும் சின்ன வாசல்கள்தான் முக்கியம். முயல் அந்த வழியாகத்தான் நழுவும். அதனால்தான் இலையும் செடியும் வாடிப்போன குளிர்காலத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வசந்தம் வந்தால் வளைக்குள் குட்டிகள் இருக்கும், அப்போது நிறுத்திவிடுவார்கள்.

இத்தனை வேலையும் பேச்சே இல்லாமல் நடக்கிறது. காலை மெதுவாக வைக்கிறார்கள், காரின் கதவை அடித்துச் சாத்துவதில்லை. மண் அதிர்ந்தாலே உள்ளே இருக்கும் முயலுக்குச் செய்தி போய்விடும். மேலே ஆள் இருப்பது தெரிந்த முயல் ஃபெரெட் கடித்தாலும் வெளியே வரத் தயங்கும்.

இப்போது ஃபெரெட்டின் கழுத்தில் ஒரு பட்டை கட்டுகிறார். அதில் சிக்னல் அனுப்பும் சின்ன டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது. ஃபெரெட்டைக் கீழே விட்டதும் உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு உள்ளே போகிறது. வால் மறைகிறது. அப்புறம் ஒன்றுமே நடக்காது. ஒரு நிமிடம், ஐந்து நிமிடம். நாயின் காது மட்டும் திரும்பிக்கொண்டே இருக்கிறது. தரைக்கு அடியில் ஃபெரெட் போகும் பாதையை அது காதாலேயே பின்தொடர்கிறது. திடீரென்று காலடியில் 'தொம்' என்று ஒரு சத்தம். முயல் பின்னங்காலால் தரையை அடித்து மற்ற முயல்களை எச்சரிக்கிறது. அடுத்த கணம் ஒரு வலை துள்ளி உருள்கிறது.

வேட்டைக்காரர் உடனே மண்டியிட்டு முயலைப் பிடித்து, ஒரே அசைவில் கழுத்தை முறித்துவிடுகிறார். திறந்து கிடக்கும் வாசலை அதே நேரம் காலால் அடைத்துக்கொள்கிறார், பின்னாலேயே இன்னொன்று வரலாம். இந்தக் காட்சியை வெட்டாமல் வைத்திருக்கிறேன். பார்ப்பதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் கண்ணிக் கம்பியில் மணிக்கணக்கில் மாட்டிக் கிடப்பதையும், வளைக்குள் நச்சு வாயு விடுவதையும் பார்க்க இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

வலை போடாத வாசல் வழியாக ஒன்று தப்பினால்? அதற்குத்தான் லர்ச்சர். கிரேஹவுண்ட், விப்பெட் போன்ற ஓட்ட நாயையும் ஆடு மேய்க்கும் நாய் அல்லது டெரியரையும் கலந்து உண்டாக்கிய நாய் அது. ஒரு பக்கம் கால், இன்னொரு பக்கம் புத்தி. ஓடும் முயலைப் பிடித்துக் கையில் கொண்டுவந்து கொடுக்கும். ஃபெரெட் தலையை வெளியே நீட்டும்போது அதைத் தொடவே தொடாது. சின்னக் குட்டியாக இருக்கும்போதே ஃபெரெட்டோடு சேர்த்துப் பழக்கியதால் வந்த பொறுமை அது.

சரி, ஃபெரெட் வெளியே வரவில்லை என்றால்? உள்ளே முயலைக் கொன்றுவிட்டு அங்கேயே தின்று தூங்கிவிடும். தலைவலி என்று சொன்னேனே, இதுதான். முன்பெல்லாம் இருட்டும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது மேடு முழுக்கத் தோண்ட வேண்டும். இப்போது கழுத்துப்பட்டையின் சிக்னலை வாங்கும் ரிசீவர் கையில் இருக்கிறது, அது ஃபெரெட் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டிவிடும். நேராக அங்கே தோண்டி எடுத்துவிட்டு மண்ணை மூடிவிடுகிறார்கள்.

இவ்வளவு முயல் எங்கிருந்து வந்தது? பிரிட்டனுக்கு ராபிட் சொந்த விலங்கு இல்லை. 1066-இல் பிரான்ஸ் பக்கத்திலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரபுக்களும் மடங்களும் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் வேலி போட்டு வளர்த்தார்கள். நார்ஃபோக் மாவட்டத்தில் தெட்ஃபோர்ட் அருகே, முயல் காவலருக்காக சுமார் 1400-இல் கட்டிய கல் வீடு இன்னும் நிற்கிறது. திருடர்களுக்குப் பயந்து கோட்டை மாதிரி சுவர் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு விலை அன்றைக்கு முயலுக்கு! தப்பியவை பெருகிப் பயிரை மேய ஆரம்பித்ததும் கதை மாறியது. குத்தகை விவசாயி தன் நிலத்து முயலைப் பிடிக்கலாம் என்று 1880-இல் சட்டம் வந்தது. 1953-இல் மிக்சோமட்டோசிஸ் நோய் கென்ட் பகுதியில் தொடங்கி நாடு முழுக்கப் பரவி, பெரும்பாலான முயல்களைக் கொன்றது. மறு ஆண்டே, நிலத்தில் முயலைக் கட்டுப்படுத்துவது விவசாயியின் கடமை என்று இன்னொரு சட்டம். 2004-இன் வேட்டைச் சட்டம் நாய் வைத்து ஹேர் பிடிப்பதைத் தடுத்தது. நில உரிமையாளர் அனுமதியோடு ராபிட் பிடிக்க விலக்குக் கொடுத்தது. தமிழில் ஒரே சொல், அங்கே சட்டத்தில் இரண்டு விலங்கு.

[காட்சி: கூண்டில் வைக்கோல். ஃபெரெட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்குகின்றன.]

குளிர்காலம் போனாலும் ஃபெரெட்டைக் கவனிக்கும் வேலை நிற்காது. இறைச்சிதான் உணவு. பழைய நாளில் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தார்கள், அது அதற்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாடு. பெண் ஃபெரெட் பருவத்துக்கு வந்து இணை சேராமலே இருந்தால் ரத்தசோகை வந்து செத்தும் போகலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். இன்னொன்று: நமக்கு வரும் ஃப்ளூ காய்ச்சல் அதற்கும் தொற்றும். 1933-இல் லண்டன் ஆய்வாளர்கள் மனித ஃப்ளூ வைரஸைப் பிரித்தெடுத்ததே ஃபெரெட்டை வைத்துத்தான். அதனால் காய்ச்சலோடு இருப்பவர் கூண்டுப் பக்கம் போகாமல், வேறு யாரிடமாவது தீனி வைக்கச் சொல்ல வேண்டும்.

[காட்சி: மீண்டும் புல்மேடு. வெளிச்சம் குறைகிறது.]

முயல்களின் பின்னங்காலைக் கோத்து ஒரு கம்பில் தொங்கவிட்டாயிற்று. ஃபெரெட்டுகள் பெட்டிக்குள் போய்விட்டன. இப்போது அவர் வலைகளை எண்ணுகிறார். காலையில் எத்தனை விரித்தாரோ அத்தனையும் பைக்குள் வர வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் ராத்திரி ஏதாவது ஒரு உயிர் அதில் மாட்டிக்கொள்ளும். ஒன்று குறைகிறது. நாயைக் கூப்பிட்டுக்கொண்டு, குனிந்து, முட்செடிக்கு அடியில் மறுபடியும் தேட ஆரம்பிக்கிறார்.