முன்பல்டியும் அதன் பயமும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜிம்னாஸ்டிக்ஸ் பழகாதவர்கள் பலர் நினைப்பது, பின்பக்கமாக அடிக்கிற பல்டிதான் கஷ்டம், முன்பக்கம் அடிப்பது சுலபம் என்று. முன்னால்தானே போகிறோம், போகிற வழி தெரிகிறதே, அப்புறம் என்ன என்று தோன்றும். பழகிப் பார்த்தால் நிலைமை வேறு. பின்பல்டியில் உடம்பு சுற்றி வரும்போது பாதியிலேயே தரை கண்ணில் பட்டுவிடும். எப்போது காலை நீட்டலாம் என்று கண்ணே சொல்லிவிடும். முன்பல்டியில் முழங்கால் மார்புக்கு வந்து, சுழன்று எழும்போது கண்ணில் படுவது கூரை, அப்புறம் எதிர்ச்சுவர். கால் எங்கே இறங்கப்போகிறது என்பதைப் பார்க்காமலே இறங்க வேண்டும். அதனால் முன்பல்டிக்குப் பயப்படுகிற பிள்ளையை யாரும் கோழை என்று சொல்லிவிடாதீர்கள். அந்தப் பயத்துக்கு முழு நியாயம் இருக்கிறது.

இந்த வகையில் உச்சம் என்றால் புரோடுனோவா வால்ட். வால்ட் என்பது ஓடிவந்து மேசையைத் தாண்டுகிற பிரிவு. வேகமாக ஓடிவந்து, ஸ்பிரிங் போர்டில் மிதித்து, வால்ட் மேசையில் இரண்டு கையையும் ஊன்றித் தள்ளி, அந்தரத்தில் இரண்டு முன்பல்டி அடித்துக் காலில் இறங்க வேண்டும். 1999-இல் ரஷ்யாவின் யெலேனா புரோடுனோவா செய்து காட்டியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. நம் நாட்டில் அதைச் செய்தவர் திரிபுராவின் அகர்தலாவைச் சேர்ந்த தீபா கர்மாகர். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலம். 2016 ரியோ ஒலிம்பிக் வால்ட் இறுதிச் சுற்றில் 15.066 புள்ளிகளோடு நான்காம் இடம். வெண்கலம் 0.15 புள்ளியில் நழுவியது. அன்று அவர் இறங்கிய விதத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். கிட்டத்தட்ட தரையில் உட்கார்ந்துவிடுகிற அளவுக்குத் தாழ்ந்து, பிறகு எழுந்தார். அமெரிக்காவின் பெரிய வீராங்கனை சிமோன் பைல்ஸ் கூட இந்த வால்ட்டைப் போட்டியில் செய்ததில்லை.

தீபாவைப் பற்றிப் பேசும் எல்லோரும் தைரியத்தைத்தான் பேசுகிறார்கள். தட்டைப் பாதத்தோடு தொடங்கிய பெண்ணை, பயிற்சியாளர் விஸ்வேஸ்வர் நந்தி வருடக்கணக்காகப் படிப்படியாக வளர்த்தார் என்பதை நான் அதற்கு மேலாக மதிக்கிறேன். இப்படியொரு பல்டிக்கு வெறும் தைரியம் போதாது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் உடம்பில் ஊறியிருக்க வேண்டும்.

அந்தப் படிகளைச் சொல்கிறேன். முதலில் குட்டிக்கரணம். அப்புறம் கைகளில் நின்று உருண்டு எழுவது, தாவி உருள்வது. தவறினால் கழுத்தை உள்ளே இழுத்து உருண்டுவிட இதுதான் கற்றுக்கொடுக்கும். ஆகவே இதை யாரும் தாண்டிப் போகக் கூடாது. பிறகு எழும்புதல். என் பார்வையில் முன்பல்டியின் முக்கால் பங்கு இங்கேதான் இருக்கிறது. ஓடிவந்து இரண்டு காலும் சேர்ந்து தரையை மிதிக்கும்போது, பாதம் இடுப்புக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். உடம்பு இறுகியிருக்க வேண்டும். கை காதோரம் மேலே போக வேண்டும். மிதித்ததும் மேலே எழும்ப வேண்டும், அதன் பிறகுதான் சுழல வேண்டும். பயந்த பிள்ளை என்ன செய்யும் என்றால், சீக்கிரம் முடித்துவிடலாம் என்று மிதிக்கும்போதே தலையைக் கீழே போட்டுவிடும். தலை போனதும் உயரம் போய்விடும். உயரம் இல்லாவிட்டால் சுற்ற நேரம் இருக்காது, பொத்தென்று பின்புறம் அடிபட விழும். அந்த விழுகையால் பயம் இன்னும் கூடும், அடுத்த முறை தலை இன்னும் முந்தும்.

காலைத் தரையிலிருந்து எடுத்த பிறகு உங்களுக்குக் கிடைத்த சுழற்சி அவ்வளவுதான். காற்றில் புதிதாகச் சேர்க்க முடியாது. உடம்பைச் சுருக்கினால் வேகமாகச் சுற்றும், நீட்டினால் மெதுவாகும். அதனால்தான் பாதி வழியில் மனம் மாறி உடம்பை விரிப்பது எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. முழுதாகச் செய்து தவறுகிறவன் பெரும்பாலும் உருண்டு தப்பிவிடுவான். நடுவில் கைவிடுகிறவன்தான் கழுத்தோ முகமோ அடிபட விழுவான். போவதானால் சுருட்டிக்கொண்டு முழுதாகப் போக வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் ஓட்டத்திலேயே நின்றுவிட வேண்டும். நிற்பதற்கு எந்தப் பிள்ளையும் வெட்கப்பட வேண்டாம்.

இறங்கும்போது முட்டி சற்று மடங்கியே இருக்கட்டும். விறைப்பாக இறங்கினால் முட்டி பின்பக்கமாக வளைந்து ஜவ்வு கிழியலாம். முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு மறுபடி எழும்புவது எவ்வளவு நீண்ட வேலை என்று தீபாவுக்கே தெரியும். அவருக்கு 2017-இல் அது நேர்ந்தது.

முதல் முழுப் பல்டியை டிராம்போலினிலோ, ஸ்பிரிங் போர்டிலிருந்து உயரமாக அடுக்கிய மெத்தை மேலோ, மெத்தென்ற ஃபோம் துண்டுகள் நிரப்பிய குழியிலோ அடிக்க வேண்டும். பக்கத்தில் கோச் ஒரு கையை வயிற்றுக்கும் இன்னொரு கையை முதுகுக்கும் கொடுத்துச் சுழற்றிவிடுவார். மெத்தை உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கடைசியில் தரைக்கு வருவது. காலை நீட்டி அடிப்பது, உடம்பை நேராக வைத்து அடிப்பது, திருகு (பல்டியின் நடுவே உடம்பைப் பக்கவாட்டில் பம்பரம் போலச் சுற்றுவது) சேர்ப்பது, இரட்டைப் பல்டி எல்லாம் அதற்கப்புறம்தான். கடற்கரை மணலில் தானாகப் பழகும் பையன்களுக்கு ஒரு வார்த்தை: மணல் மெத்தென்று தெரிந்தாலும் காலைத் திருப்பி எறியாது. உயரமே கிடைக்காது. முதல் முறை பழக அது தோதான இடம் இல்லை.

சரி, இவ்வளவும் செய்த பிறகும் பயம் வந்தால்? வரும். நன்றாக அடித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கே திடீரென்று வரும். ஓடி வருவாள், போர்டுக்கு ஓரடி முன்னால் கால் தானாகக் குறுகிவிடும், இரண்டு குட்டி எட்டு வைத்து நின்றுவிடுவாள். முகத்தில் பயம்கூடத் தெரியாது, ஏன் நின்றோம் என்கிற குழப்பம்தான் தெரியும். அப்போது "இன்னொரு தடவை ஓடு, இன்னொரு தடவை ஓடு" என்று விரட்டுவதில் பலன் இல்லை. நின்று நின்று, நிற்பதுதான் பழக்கமாகும். நான் ஒரு படி கீழே இறக்கிவிடுவேன். அடுக்கு மெத்தைக்குப் போ, அதுவும் பயமென்றால் உருண்டு எழு. தயக்கமில்லாமல் செய்ய முடிகிற இடம் எதுவோ, அங்கிருந்து மறுபடி ஏறுவோம். ஓடுவதற்கு முன் கண்ணை மூடி, மிதி, கை, சுருட்டு, நீட்டு என்று நாலு சொல்லை வாய்விட்டுச் சொல்லச் சொல்வேன். மனம் அந்தச் சொற்களில் இருந்தால் விழுவதைக் கற்பனை செய்ய இடமிருக்காது. களைத்துப்போன கடைசி நேரத்தில் புதிய பல்டி எதையும் முயல விடமாட்டேன்.

பயத்தைக் கேட்காமல் விட்டதற்கு விளையாட்டு பெரிய விலை கொடுத்திருக்கிறது. சோவியத் வீராங்கனை எலேனா முகினா 1978-இல் உலகச் சாம்பியன். கால் முறிவு சரியாக ஆறுவதற்குள், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்கள் முன்பு, திருகி வந்து உருண்டு முடிக்கிற ஒரு பல்டியைப் பழகும்போது கழுத்து முறிந்தது. 2006-இல் இறக்கும் வரை அவர் எழுந்து நடக்கவில்லை. அந்தப் பல்டி ஆபத்து என்ற பயத்தை அவர் முன்பே சொல்லியிருந்தார். அதே விளையாட்டில் 2021 டோக்கியோவில் சிமோன் பைல்ஸ் இரண்டரைத் திருகு போட வேண்டிய வால்ட்டில் ஒன்றரையோடு இறங்கினார். காற்றில் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை என்று விலகிக்கொண்டார். கேலி செய்தவர்கள் உண்டு. 2024 பாரிஸில் மூன்று தங்கம் வென்றார்.

பெற்றோருக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். பிள்ளையைச் சேர்க்கும் முன் ஒரு மாலை முழுக்க அந்தப் பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்து பாருங்கள். மெத்தைகள் இடைவெளியில்லாமல் சேர்ந்திருக்கின்றனவா, ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஒரே பாதையில் ஓடுகிறார்கள், புதிதாகப் பழகுகிறவர் பக்கத்தில் கோச் நிற்கிறாரா என்று பாருங்கள். அப்புறம், ஒரு பிள்ளை "சார், பயமா இருக்கு" என்று சொல்லும்போது அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். அதட்டினால் வேறு இடம் தேடுங்கள். "எந்த இடத்தில் பயம்?" என்று திருப்பிக் கேட்டால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்.

வணக்கம்.